சுமை ஏறினால் தரவுத்தளத்தின் வாசலை அடைக்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். ஒரு கலை அறிவியல் கல்லூரியில் கணினி நிர்வாகியாகப் பணிபுரிகிறேன். தேர்வுக் கட்டணம் செலுத்தும் எங்கள் இணையதளம் அப்பாச்சி வலை சர்வர், பிஎச்பி நிரல்மொழி, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் மூன்றும் சேர்ந்து ஒரே சர்வரில் இயங்குகிறது. 8 கோர் (கணக்கிடும் அலகுகள்), 16 ஜிபி நினைவகம். கட்டணம் செலுத்தக் கடைசி நாளன்று, இணைந்திருப்போர் ஏற்கெனவே மிகுதி என்ற பிழை வந்துகொண்டே இருந்ததால், போஸ்ட்கிரெஸ் ஒரே நேரத்தில் ஏற்கும் இணைப்புகளின் வரம்பான மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் அளவை 100இலிருந்து 500ஆக உயர்த்தினேன். அரை மணி நேரத்தில், ஓடவும் காத்திருக்கவும் செய்யும் வேலைகளின் சராசரி எண்ணிக்கையான லோடு ஆவரேஜ் 90ஐத் தாண்டியது. சர்வருக்குள் நுழையவே முடியாமல், கடைசியில் மின்சாரத்தை நிறுத்தித்தான் மீட்டோம். லோடு ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் புதிய இணைப்புகளை போஸ்ட்கிரெஸ் தானாகவே மறுக்கும்படி அமைக்க வழி உண்டா?
– கல்லூரிக் கணினி நிர்வாகி, ஈரோடு மாவட்டம்

பதில்: வணக்கம். நீங்கள் கேட்டபடியே ஓர் அமைப்பு போஸ்ட்கிரெஸில் இல்லை. மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் என்பது தரவுத்தளம் தொடங்கும்போது ஒரே ஒருமுறை படிக்கப்படும் எண். அதை மாற்றினால் தரவுத்தளத்தை நிறுத்தி மறுபடி தொடங்கியாக வேண்டும் என்பதால், லோடு ஏற ஏற அதைக் குறைப்பதும் இறங்க இறங்கக் கூட்டுவதும் நடவாத காரியம்.

ஆனால் உங்கள் எண்ணம் புதிதன்று, பிழையானதும் அன்று. சென்ட்மெயில் என்னும் பழைய அஞ்சல் மென்பொருளில் இதற்கென்றே இரண்டு எண்கள் உண்டு. லோடு முதல் எண்ணைத் தாண்டினால், வந்த மடலை உடனே அனுப்ப முயலாமல் வரிசையில் மட்டும் போட்டு வைக்கும். இரண்டாம் எண்ணைத் தாண்டினால் புதிய இணைப்பையே ஏற்காது. லினக்ஸ் இயங்குதளத்தில் பல சேவைகளுக்கு வாயிற்காவலாக இருந்த எக்ஸ்ஐநெட்டியிலும் ஒரு நிமிட லோடு ஆவரேஜைப் பார்த்துக் கதவடைக்கும் வசதி இருந்தது. அஞ்சலுக்கு இது பொருந்தியதற்குக் காரணம், மறுக்கப்பட்ட மடலை அனுப்பிய சர்வர் தன்னிடமே வைத்திருந்து மறுபடி முயலும் என்பதுதான். குறைந்தது நான்கைந்து நாளாவது அப்படி முயல வேண்டும் என்று அஞ்சல் நெறிமுறையே சொல்கிறது. உங்கள் மாணவருக்குப் பின்னால் அப்படிக் காத்திருந்து முயலும் சர்வர் எதுவும் இல்லை. கட்டணம் கட்டக் கைபேசியோடு உட்கார்ந்திருக்கும் அவர், பக்கம் திறக்கவில்லை என்றால் அடுத்த நொடியே மறுபடி தட்டுவார், நண்பரின் கைபேசியிலும் திறந்து பார்ப்பார். கதவடைப்பதால் குறைய வேண்டிய கூட்டம் கதவடைப்பதாலேயே பெருகும். ஆகவே நீங்கள் தேட வேண்டியது, வந்தவரை வெளியிலேயே ஒழுங்காகக் காக்க வைத்து, உள்ளே எப்போதும் அளவான பேரை மட்டும் வேலை செய்ய விடும் ஏற்பாடு. மறுப்பதும் காக்க வைப்பதும் ஒன்றல்ல என்பதை மனத்தில் கொண்டு மேலே படியுங்கள்.

அன்று என்ன நடந்திருக்கும் என்பதை உங்கள் எண்களிலிருந்தே ஊகிக்கலாம். அப்பாச்சி, கோரிக்கை ஒவ்வொன்றுக்கும் தனி நிரல் ஓட்டும் பழைய பிரீஃபோர்க் முறையில் இயங்கினால், ஒரே நேரத்தில் 256 கோரிக்கைகள் வரை ஏற்பது அதன் இயல்பான வரம்பு. போஸ்ட்கிரெஸின் இயல்பான வரம்பு 100. நிறுவியபோது இருந்த எண்களை இரு பக்கமும் அப்படியே விட்டுவிட்டால், கூட்டம் வரும் முதல் நாளிலேயே இரண்டும் மோதிக்கொள்வது திண்ணம். நீங்கள் 500 என்று உயர்த்தியதும் பிழைச் செய்தி நின்றிருக்கும். அதுவரை வெளியே நின்ற 150க்கும் மேற்பட்டோரும் உள்ளே வந்திருப்பார்கள். அந்த 100 என்ற வரம்பு, உங்களுக்கே தெரியாமல், சர்வரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

உள்ளே வந்தவர் எண்ணிக்கை கூடினால் வேலை வேகமாக முடியாதா என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வினவலுக்கு, அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் ஒரு கேள்விக்கு, ஒரு கோரின் 40 மில்லி நொடி உழைப்பு தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 கோர்கள் சேர்ந்து நொடிக்கு 200 வினவல்களை முடிக்கும். அதற்கு மேல் எந்த அமைப்பாலும் முடியாது. இப்போது 200 பேர் ஒரே கணத்தில் வருகிறார்கள். அத்தனை பேரையும் உள்ளே விட்டால், கோர்கள் ஒவ்வொருவருக்கும் சிறிது சிறிதாக மாறி மாறி உழைத்து, ஏறத்தாழ எல்லோருக்கும் ஒரு நொடியில்தான் விடை தரும். மாறாக, எட்டெட்டுப் பேராக விட்டால் முதல் எட்டுப் பேர் 40 மில்லி நொடியில் முடித்து வெளியேறுவார்கள், அடுத்த எட்டுப் பேர் 80இல், இப்படியே 25ஆம் குழு சரியாக ஒரு நொடியில் முடிக்கும். கடைசியில் நின்றவருக்கு எந்த நட்டமும் இல்லை. சராசரிக் காத்திருப்போ 520 மில்லி நொடியாகப் பாதியாகிவிடுகிறது. கல்யாண வீட்டில் நூறு இலை போடும் கூடத்துக்குள் நானூறு பேரை விட்டால், பரிமாறுகிறவர் நடக்கவே இடமின்றி ஒருவரும் சாப்பிட்டு எழமாட்டார்கள் என்பதால்தானே பந்தி பந்தியாக உட்கார வைக்கிறோம்.

மேலே போட்டது இழப்பே இல்லாத கணக்கு. உண்மையான சர்வரில் கூட்டத்துக்கென்று தனி விலை உண்டு. போஸ்ட்கிரெஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் லினக்ஸில் ஒரு தனிச் செயல்முறையை (தனியே ஓடும் நிரலை) தோற்றுவிக்கிறது. ஒன்றை நிறுத்தி மற்றொன்றை ஓட விடும் ஒவ்வொரு முறையும் கோரின் உள் நினைவகத்தில் சூடாக இருந்த தரவு வெளியேறுகிறது. எந்தப் பதிவு யார் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று முடிவு செய்ய, ஒவ்வொரு வினவலும் அப்போது நடக்கும் பரிவர்த்தனைகளின் (முழுதாக முடியவோ முழுதாகக் கைவிடப்படவோ வேண்டிய செயல்தொகுப்புகளின்) நிலையைப் பார்த்தாக வேண்டும். 2021இல் வந்த 14ஆம் பதிப்பில் இது வெகுவாகச் சீராக்கப்பட்டது என்றாலும், அதற்கு முந்தைய பதிப்பில் சும்மா இருக்கும் இணைப்புகள்கூட இந்த வேலையைக் கனமாக்கும். இவற்றை எல்லாம் விடக் கொடியது, ஒருவர் மாற்றும் பதிவை மற்றவர் மாற்றாமல் தடுக்கும் பூட்டு. ஒருவர் ஒரு பதிவைப் பூட்டிக்கொண்டு, தம் முறை வராமல் கோருக்காகக் காத்திருக்க, அந்தப் பூட்டுக்காகப் பத்துப் பேர் காத்திருக்கும் நிலையில் சர்வரின் மொத்த விளைச்சலே சரியத் தொடங்கும்.

நினைவகத்தையும் பாருங்கள். ஒர்க் மெம் என்பது வரிசைப்படுத்தல் போன்ற ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனியே ஒதுக்கத்தக்க அளவு. இயல்பாக 4 எம்பி. யாரோ எப்போதோ ஓர் அறிக்கைக்காக அதை 64 எம்பியாக உயர்த்தி மறந்திருந்தால், 200 இணைப்புகள் ஆளுக்கு ஒரு முறை வரிசைப்படுத்தினாலே 12,800 எம்பி ஆகிறது. உங்களிடம் இருப்பதோ 16 ஜிபி. அதிலும் அப்பாச்சிக்குப் பங்கு கொடுக்க வேண்டும். மீதி வேலை நினைவகம் போதாதபோது பயன்படும், வட்டில் உள்ள ஸ்வாப் பகுதிக்குப் போகும்போதுதான் சர்வருக்குள் நுழையவே முடியாத நிலை வரும். அதற்கும் மேலே போனால் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் ஏதேனும் ஒரு செயல்முறையைக் கொன்று நினைவகத்தை மீட்கும். கொல்லப்பட்டது போஸ்ட்கிரெஸின் ஓர் இணைப்பாக இருந்தால், இணைப்புகள் எல்லாம் பகிரும் பொது நினைவகம் கெட்டிருக்கலாம் என்ற எச்சரிக்கையால் போஸ்ட்கிரெஸ் மற்ற எல்லா இணைப்புகளையும் துண்டித்து மீட்புப் பணியைத் தொடங்கும். ஒருவர் அதிகமாக உள்ளே வந்ததற்காக அனைவரும் வெளியே போக நேர்வது இப்படித்தான்.

இனி, லோடு ஆவரேஜைப் பார்த்துக் கதவடைப்பதில் உள்ள இடர். லினக்ஸ் காட்டும் மூன்று எண்களும் 1, 5, 15 நிமிடங்களுக்கான, பழையதை மெல்ல மெல்ல மறக்கும் சராசரிகள். அதனால் மிக விரைவான முதல் எண்ணுமே தாமதமாகத்தான் உண்மையைச் சொல்லும். 4ஆக இருந்த லோடு சட்டென்று 60க்கு எகிறுகிறது, நீங்கள் 24இல் கதவடைக்க ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். ஒரு நிமிடச் சராசரி 24ஐத் தொட ஏறத்தாழ 26 நொடி ஆகும். அதற்குள் உங்கள் 256 இடமும் நிரம்பிவிடும். பின்னர் 60இல் நிலைத்திருந்த லோடு மறுபடி 4க்கு வீழ்ந்துவிட்டாலும், சராசரி 24க்குக் கீழே இறங்க 62 நொடி ஆகும். அந்த ஒரு நிமிடமும் சர்வர் சும்மா இருக்க, மாணவர்கள் வெளியே மறுக்கப்பட்டுக்கொண்டிருப்பார்கள். கதவு திறந்ததும் காத்திருந்த கூட்டம் ஒரே பாய்ச்சலாக உள்ளே வரும், மறுபடி அடைபடும். இப்படி ஊசலாடும் சர்வரைப் பழுது பார்ப்பது, ஒரேயடியாக நின்றுபோன சர்வரைப் பழுது பார்ப்பதை விடக் கடினம்.

இரண்டாவது இடரை நான் நேரில் பட்டே அறிந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய அலுவலகம் ஒன்றில், லோடு 20ஐத் தாண்டினால் புதிய இணைப்புகளை மறுக்கும் சிறு நிரல் ஒன்றை நானே எழுதி, நிமிடத்துக்கு ஒருமுறை ஓட விட்டிருந்தேன். இரண்டு மாதம் நன்றாகவே நடந்தது. ஒருநாள் காலை அலுவலகம் திறந்ததும், ஒருவராலும் உள்ளே நுழைய முடியவில்லை என்று அழைப்பு வந்தது. பார்த்தால் லோடு 31. கோர்களோ பத்தில் ஒன்பது பங்கு சும்மா இருந்தன. இரவில் முடிந்திருக்க வேண்டிய பேக்கப், வட்டு மெதுவாகிவிட்டதால் காலை வரை நீண்டு, அதன் செயல்முறைகள் வட்டுக்காகக் காத்து நின்றன. லினக்ஸ் தன் லோடு கணக்கில், கோருக்காகக் காத்திருப்போரோடு, வட்டுக்காகத் தட்டி எழுப்ப முடியாத உறக்கத்தில் இருப்போரையும் சேர்த்தே எண்ணுகிறது. என் நிரல் அதை அறியாமல், நினைவகத்திலிருந்தே பெரும்பாலான விடைகளைப் பெற்றிருக்கக்கூடிய நாற்பது ஊழியர்களை ஒரு மணி நேரம் வாசலில் நிறுத்திவிட்டது. அன்று அந்த நிரலை நீக்கினேன். லோடு ஒரு நோய்க்குறி, அதுவே நோய் அன்று என்பதை அதற்குப் பிறகு மறந்ததில்லை.

ஆகவே உங்களுக்கு நான் பரிந்துரைப்பது, உள்ளே எத்தனை பேர் என்பதை லோடைப் பார்த்து மாற்றாமல், முன்கூட்டியே கணக்கிட்டு நிலையாக வைப்பது. போஸ்ட்கிரெஸ் சமூகத்தில் நெடுநாளாகப் புழங்கும் சூத்திரம் எளிது: கோர்களின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, வட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர் திரெடிங் எண்ணிக்கையை இதில் சேர்க்கக் கூடாது. உங்கள் சர்வருக்கு 8×2+1, அதாவது 17. அதே சர்வரில் அப்பாச்சியும் இயங்குவதால் 12இலிருந்து தொடங்குங்கள் என்பேன். இவ்வளவு சிறிய எண்ணா என்று மலைக்க வேண்டாம். ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய வரிசைக் கோட்பாட்டின் விதிப்படி, உள்ளே இருப்போர் எண்ணிக்கை என்பது நொடிக்கு வருவோரை ஒருவர் உள்ளே தங்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது. நொடிக்கு 300 பரிவர்த்தனை வந்து, ஒவ்வொன்றும் 25 மில்லி நொடி தங்கினால் சராசரியாக 7.5 இணைப்புகள்தாம் வேலை செய்துகொண்டிருக்கும். உங்கள் கல்லூரியின் கடைசி நாள் கூட்டம்கூட நொடிக்கு 300ஐ எட்டாது என்றே நினைக்கிறேன்.

அந்த 12 இடங்களுக்கு வெளியே வரிசையை நிர்வகிக்கப் பிஜிபவுன்சரை வையுங்கள். ஸ்கைப்பில் உருவாகி 2007இல் வெளிவந்த இந்தச் சிறு மென்பொருள், வாடிக்கையாளர் இணைப்பு ஒன்றுக்கு ஓரிரு கேபி நினைவகமே எடுத்துக்கொண்டு, ஆயிரம் பேரை வாசலில் பொறுமையாக நிறுத்தி வைக்கும். இது 6432ஆம் போர்ட்டில், அதாவது அந்த இணைப்பு வாயில் எண்ணில், கேட்கும். உங்கள் பிஎச்பியில் போர்ட் எண்ணை மட்டும் மாற்றினால் போதும். தரவுத்தளத்துடன் திறந்து வைக்கும் இணைப்புத் தொகுப்பின் (பூல்) அளவான டிஃபால்ட் பூல் சைஸ் என்பதை 12ஆக வையுங்கள். அது ஒவ்வொரு பயனர்–தரவுத்தள ஜோடிக்கும் தனித்தனியான அளவு என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. மூன்று பயனர்களும் நான்கு தரவுத்தளங்களும் இருந்தால் 12 என்பது 144 ஆகிவிடும். ஒரு தரவுத்தளத்துக்கு மொத்தமாக இவ்வளவுதான் என்று கட்டும் மேக்ஸ் டிபி கனெக்‌ஷன்ஸ் அளவையும் அதனால் சேர்த்தே அமையுங்கள். வாசலில் நிற்கத்தக்கோர் எண்ணிக்கையான மேக்ஸ் கிளையன்ட் கனெக்‌ஷன் இயல்பாக 100தான். அதை 1000ஆக உயர்த்தி, ஒரு செயல்முறை திறக்கத்தக்க கோப்புகளுக்கு லினக்ஸ் விதிக்கும் வரம்பையும் அதற்கேற்ப உயர்த்துங்கள்.

பூல் முறையை டிரான்சாக்‌ஷன் என்று வைத்தால்தான் பயன் முழுமையாகக் கிடைக்கும். அதாவது பரிவர்த்தனை முடிந்த மறுகணமே அந்த இடம் வரிசையில் அடுத்தவருக்குப் போகும். பிஎச்பி பக்கத்தை வரைந்துகொண்டிருக்கும் நேரமெல்லாம் இடம் வீணாகாது. இதற்கு ஒரு விலை உண்டு. இணைப்பு முழுவதும் நிலைக்கும் என்று நம்பிச் செய்யும் அமைப்புகளை மாற்றும் செட் கட்டளைகள், அறிவிப்புக்காகக் காத்திருக்கும் லிசன் வசதி, செயலியே வைக்கும் அமர்வு அளவிலான அட்வைசரி பூட்டுகள் ஆகியவை இம்முறையில் ஒழுங்காக இயங்கா. முன்தயாரித்த வினவல்களுக்கு 2023இல் வந்த 1.21ஆம் பதிப்பிலிருந்துதான் ஆதரவு உண்டு. மாற்றுவதற்கு முன் உங்கள் நிரலில் இவற்றைத் தேடிப் பாருங்கள்.

வரிசையில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதற்கும் வரம்பு வேண்டும். பிஜிபவுன்சரின் இயல்பான அளவு 120 நொடி. மனிதர் எவரும் அவ்வளவு நேரம் வெற்றுத் திரையைப் பார்த்திருக்கமாட்டார். 15 நொடியாகக் குறைத்து, அதற்குள் இடம் கிடைக்காவிட்டால், "இப்போது கூட்டம் அதிகம், உங்கள் விவரங்கள் அழியவில்லை, சிறிது நேரம் கழித்து முயலுங்கள்" என்று தெளிவான தமிழில் ஒரு பக்கம் காட்டச் செய்யுங்கள். நீங்கள் முதலில் கேட்ட மறுப்பு வர வேண்டிய இடம் இதுதான்: உண்மையிலேயே வரிசை நகராதபோது, வரிசையின் கடைசியில்.

அன்றைய தினம் உள்ளே என்ன நடந்தது என்று பார்க்கவில்லையே என்று இப்போது தோன்றலாம். அடுத்த முறை இணைப்புகளைப் பட்டியலிடும் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி என்னும் காட்சியைத் திறந்து, நிலை என்ற நெடுவரிசையை மட்டும் வகைவாரியாக எண்ணுங்கள். ஆக்டிவ் என்று இருப்போர் உழைக்கிறார்கள் அல்லது பூட்டுக்காக நிற்கிறார்கள். ஐடில் என்று இருப்போர் இடத்தை மட்டும் அடைத்திருக்கிறார்கள். பிஎச்பியின் நிலைத்த இணைப்பைப் பயன்படுத்தினால் இவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். பரிவர்த்தனைக்குள் சும்மா இருப்போர்தாம் ஆபத்தானவர்கள். பிகின் என்று பரிவர்த்தனையைத் தொடங்கி, பணம் செலுத்தும் வாயிலின் (பேமென்ட் கேட்வே) விடைக்காக நிரல் காத்திருக்க, இங்கே பூட்டுகள் அனைத்தும் பிடித்த பிடியில் இருக்கும். கட்டணத் தளங்களில் இந்தத் தவற்றை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். பரிவர்த்தனையைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியாரிடம் பேசக் கூடாது. நிரலைத் திருத்தும் வரை, 9.6ஆம் பதிப்பு முதல் உள்ள, பரிவர்த்தனைக்குள் சும்மா இருக்கும் அமர்வைத் துண்டிக்கும் வரம்பை 30 நொடியாக வையுங்கள்.

கடைசியாக ஒன்று. மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் அளவை 100க்கே திருப்புங்கள். அதில் 3 இடங்கள் முழு அதிகாரமுள்ள உயர்நிலைப் பயனருக்கென ஒதுக்கப்பட்டவை. நெருக்கடியில் நீங்கள் உள்ளே போய்ப் பார்ப்பதற்கான வழி அவைதாம். உங்கள் இணையதளமே போஸ்ட்கிரெஸ் என்ற அந்த உயர்நிலைப் பயனர் பெயரில் இணைகிறது என்றால், அந்த மூன்று இடத்தையும் அதுவே தின்றுவிடும். இன்றைக்கே தனிப் பயனரை உருவாக்கி மாற்றிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் மொத்த வியாபார நிறுவனத்தில் விற்பனைக் கவுண்டரும் மேலாளர்களின் அறிக்கைகளும் ஒரே போஸ்ட்கிரெஸில்தான் இயங்குகின்றன. மாதக் கடைசியில் அறிக்கைகள் ஓடும்போது கவுண்டரில் பில் போட முடிவதில்லை. அறிக்கைகளை மட்டும் கட்டுப்படுத்த முடியுமா?
– வாசகர், திருச்சி

பதில்: முடியும், செய்யவும் வேண்டும். அறிக்கைக்கும் கவுண்டருக்கும் தனித்தனிப் பயனர் பெயர்களைக் கொடுத்து, ஆல்டர் ரோல் கட்டளையில் கனெக்‌ஷன் லிமிட் என்று அறிக்கைப் பயனருக்கு 3 என வரையறுங்கள். தரவுத்தளத்தை மறுபடி தொடங்க வேண்டியதில்லை. அடுத்து வரும் இணைப்பிலிருந்தே நடைமுறைக்கு வரும். ஏற்கெனவே உள்ளே இருப்போரை அது வெளியேற்றாது, உயர்நிலைப் பயனரையும் கட்டுப்படுத்தாது. அதே பயனருக்கு ஒரு வினவல் இவ்வளவு நேரம்தான் ஓடலாம் என்ற வரம்பையும் ஒர்க் மெம் அளவையும் தனியே அமைக்கலாம்.

முந்தைய பதிலில் லோடைப் பார்த்துக் கதவடைக்க வேண்டாம் என்றேன். அறிக்கை போன்ற, ஒரு மணி நேரம் கழித்து ஓடினாலும் கெட்டுப்போகாத வேலைகளுக்கு அந்தத் தடை இல்லை. லினக்ஸில் பேட்ச் என்னும் பழைய கட்டளை, லோடு 1.5க்குக் கீழே இறங்கும் வரை வேலையை ஓட விடாமல் வைத்திருப்பது இதே எண்ணத்தில்தான். நீங்களும் லோடு 16ஐத் தாண்டினால் அறிக்கைப் பயனரின் வரம்பை 0 ஆக்கி, 6க்குக் கீழே இறங்கினால் மறுபடி 3 ஆக்கும் சிறு நிரலை ஓட விடலாம். அடைக்கும் எண்ணுக்கும் திறக்கும் எண்ணுக்கும் நடுவே இப்படி நல்ல இடைவெளி இருந்தால்தான் கதவு ஊசலாடாது. 2018இல் வந்த லினக்ஸ் 4.20 முதல், கோர், நினைவகம், வட்டு ஒவ்வொன்றுக்காகவும் செயல்முறைகள் எவ்வளவு நேரம் தவித்தன என்பதைத் தனித்தனியே காட்டும் பிரெஷர் அளவுகள் கிடைக்கின்றன. லோடு ஆவரேஜுக்குப் பதிலாக அவற்றைப் பார்ப்பது மேல். ஆரக்கிள் தரவுத்தளம் வைத்திருப்போருக்கு இந்த வேலையே இல்லை. அதன் ரிசோர்ஸ் மேனேஜரில், ஒரு குழுவினரில் ஒரே நேரத்தில் இத்தனை பேர்தாம் வேலை செய்யலாம், மற்றவர் வரிசையில் நிற்கட்டும் என்று தரவுத்தளத்திடமே சொல்லிவிடலாம்.

கேள்வி: மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் பயன்படுத்துவோர் என்ன செய்ய வேண்டும்? இணைப்புகள் மிகுதி என்னும் 1040 என்ற பிழை அடிக்கடி வருகிறது.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: மைஎஸ்க்யூஎல் ஒவ்வோர் இணைப்புக்கும் தனிச் செயல்முறைக்குப் பதில் ஓர் இழையை (ஒரே செயல்முறைக்குள் ஓடும் இலேசான ஓட்டத்தை) ஒதுக்குவதால் சும்மா இருக்கும் இணைப்பின் கனம் குறைவு, ஆயினும் உழைக்கும் இணைப்புகளின் கணக்கு மேலே சொன்னதேதான். இயல்பான வரம்பு 151. அதற்கு மேல் நிர்வாகிக்கென ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இங்கே வரம்பை ஓடும்போதே மாற்றலாம் என்பதாலேயே பலரும் யோசிக்காமல் உயர்த்திவிடுகிறார்கள்.

உயர்த்துவதற்கு முன் இரண்டு எண்களைப் பாருங்கள்: இணைந்திருக்கும் இழைகள், ஓடிக்கொண்டிருக்கும் இழைகள். முதல் எண் 150ஆகவும் இரண்டாம் எண் 5ஆகவும் இருந்தால் உங்கள் நோய் சுமையே அன்று. பயன்படுத்திவிட்டு மூடாத இணைப்புகள். சும்மா இருக்கும் இணைப்பைத் துண்டிக்க மைஎஸ்க்யூஎல் இயல்பாக 28,800 நொடி, அதாவது 8 மணி நேரம், காத்திருக்கும். அதை 300 நொடியாகக் குறைத்தாலே பிழை நின்றுவிடக்கூடும். இரண்டாம் எண்ணும் கோர்களின் எண்ணிக்கையை விடப் பல மடங்கு இருந்தால், வரம்பை உயர்த்துவது தீயில் நெய் வார்ப்பது. ஒவ்வொரு கணக்குக்கும் மேக்ஸ் யூசர் கனெக்‌ஷன்ஸ் வரம்பு விதியுங்கள், மெதுவான வினவல்களைத் தேடித் திருத்துங்கள்.

கேள்வி: ஜாவாவில் எழுதிய எங்கள் செயலியில் இணைப்புகளைத் திறந்து வைத்துப் பகிரும் ஹிகாரி இணைப்புப் பூல் ஏற்கெனவே இருக்கிறது. அப்படியும் பிஜிபவுன்சர் தேவையா? வரிசையில் இடம் கிடைக்காமல் போனால் செயலி என்ன செய்ய வேண்டும்?
– மென்பொருள் உருவாக்குநர், சென்னை

பதில்: செயலி ஒரே பிரதியாக ஓடினால் தேவையில்லை. ஹிகாரியின் இயல்பான அளவான 10 இணைப்பு பெரும்பாலும் போதும். கூட்டம் வந்தால் செயலியின் பிரதிகள் தானாகவே பெருகும்படி அமைத்திருந்தால் கவனமாக இருங்கள்: 3 பிரதிகள் 30 இணைப்பு, 20 பிரதிகள் 200 இணைப்பு. தரவுத்தளம் திணறுவதால் செயலி மெதுவாகிறது, மெதுவாவதைக் கண்டு புதுப் பிரதிகள் முளைக்கின்றன, அவை தரவுத்தளத்தை இன்னும் திணற வைக்கின்றன. பிரதிகள் எத்தனை ஆனாலும் மொத்தத்தைக் கட்டிப்போட நடுவே பிஜிபவுன்சர் இருப்பது அப்போது இன்றியமையாதது. ஹிகாரி இடத்துக்காக இயல்பாகக் காத்திருக்கும் 30 நொடியையும் குறையுங்கள்.

இடம் கிடைக்காதபோது உடனே மறுபடி முயல வேண்டாம். முதல் முறை அரை நொடி, அடுத்து ஒரு நொடி, பின்னர் இரண்டு என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் சிறிது தற்செயலான ஏற்ற இறக்கம் சேருங்கள்; இல்லையெனில் ஒன்றாக மறுக்கப்பட்டவர்கள் ஒன்றாகவே திரும்பி வருவார்கள். மூன்று முறைக்கு மேல் முயலாமல் பயனரிடம் சொல்லிவிடுங்கள்.

இணைப்பே கிடைக்காமல் போவது வேறு, பரிவர்த்தனையை உறுதிசெய்யும் கம்மிட் கட்டளையை அனுப்பிய பிறகு விடை வராமல் இணைப்பு அறுவது வேறு. முதல் நிலையில் எதுவும் நடக்கவில்லை என்பது உறுதி. தயங்காமல் மறுபடி முயலலாம். இரண்டாம் நிலையில் பரிவர்த்தனை முடிந்தும் இருக்கலாம், முடியாமலும் இருக்கலாம். பணம் சம்பந்தப்பட்ட இடத்தில், ஒவ்வொரு முயற்சிக்கும் செயலியே ஒரு தனி எண் கொடுத்து, அட்டவணையில் அந்த எண் ஒருமுறைக்கு மேல் வரக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்து, மறுபடி முயலும் முன் அந்த எண் அங்கே இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த அடியை எடுத்து வையுங்கள்.